காய்ச்சலின் பெயர் என்ன?

(பத்தாம் வகுப்பு மாணவி)

காய்ச்சல் தனியொரு நோயன்று, பல நோய்களுக்கும் பொதுவான அறிகுறி என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். மழைக்காலம் வந்துவிட்டால் நம் புதுச்சேரியில் தெருவுக்கு நாலு பேராவது காய்ச்சலில் படுப்பர். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகிய நான்கும் முதல் சில நாட்களில் ஏறத்தாழ ஒரே முகத்தைத்தான் காட்டும். உடல் கொதிக்கும், தலை வலிக்கும், சோறு பிடிக்காது. மருந்தோ நான்குக்கும் ஒன்றன்று.

உண்ணிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். இதனை ஸ்க்ரப் டைபஸ் என்பர். புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் குஞ்சு கடிப்பதால் இது வருகிறது. புதுச்சேரியில் இந்நோய் பரவியதைப் பற்றி இங்குள்ள மருத்துவர்கள் 2010-ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எழுதியுள்ளனர். டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மாத்திரைக்கு இக்கிருமி அடங்கிவிடும்; பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. காலம் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கப்படலாம்.

அப்படியானால் உடனே கண்டுபிடித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். இரத்தத்தைச் சத்துக்கரைசலில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது வழக்கம். இக்கிருமியோ நம் செல்லுக்குள் மட்டுமே வாழ்வதால் அதில் வளராது. நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைச் சோதிக்கலாம். அது தெரிய ஒரு வாரம் போல ஆகும். 2020-இல் கொரோனா வந்தபோது எல்லோரும் அறிந்துகொண்ட பி.சி.ஆர். சோதனையும் உண்டு. ஆனால் எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று முன்னமே தெரிந்திருந்தால்தான் அது பயன்படும். "மேரி வந்திருக்கிறாளா?" என்று கேட்டால் மேரியைப் பற்றி மட்டும்தானே விடை கிடைக்கும்?

வகுப்பிலுள்ள ஒவ்வொருத்தியையும் தன் பெயரைத் தானே சொல்லச் சொல்வது போன்றது புதிய முறை. ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ. உள்ளது. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வாசகம். செல்கள் மடியும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கின்றன. மடிந்த கிருமிகளின் துணுக்குகளும் அவற்றோடு கலந்திருக்கும். இயந்திரம் இலட்சக்கணக்கான துணுக்குகளின் எழுத்து வரிசையைப் படிக்கிறது. கணினி அவற்றுள் மனிதருடையதை நீக்கிவிட்டு, எஞ்சியதை ஏற்கெனவே அறிந்த கிருமிகளின் வரிசைகளோடு ஒப்பிடுகிறது.

இதன் ஆற்றலை உலகுக்குக் காட்டியவன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிறுவன் ஒருவன். வயது 14, என்னைவிட ஒரு வயது இளையவன். மூளைக்காய்ச்சலால் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். மூளையிலிருந்தே சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தும் காரணம் தெரியவில்லை. இறுதியில் அவனது இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. 48 மணி நேரத்தில் விடை வந்தது. தண்டுவட நீரில் படித்த முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட துணுக்குகளில் 475 மட்டும் லெப்டோஸ்பைராவினுடையவை. நம் ஊர் எலிக்காய்ச்சல் கிருமியேதான்! பென்சிலின் கொடுத்தனர், பிள்ளை பிழைத்தான். இச்செய்தி 2014-இல் வெளியாயிற்று. இரத்தத்தை மட்டும் கொண்டே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகளைத் தேடும் சோதனையைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது.

ஆனால் இதனை மந்திரக்கோல் என்று எண்ணிவிடக் கூடாது. டெங்கு வைரசில் இருப்பது ஆர்.என்.ஏ.; டி.என்.ஏ.வை மட்டும் படிக்கும் சோதனை அதனைக் காணாது. ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றியாக வேண்டும். பல் துலக்கும்போது கூட வாயிலுள்ள கிருமிகள் சில நேரம் இரத்தத்தில் நுழையுமாம். அவற்றையும் இயந்திரம் உண்மையாகவே படித்துச் சொல்லும். எது குற்றவாளி, எது வழிப்போக்கன் என்று தீர்மானிப்பவர் மருத்துவரே. செலவும் மிக அதிகம். பெரிய ஆய்வுக்கூடங்களில்தான் செய்ய முடியும்.

அதுவரை உண்ணிக்காய்ச்சலுக்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. உண்ணி கடித்த இடத்தில் பலருக்கு, சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. நாமோ கூச்சப்பட்டுக் காட்டுவதில்லை. ஆகவே மருத்துவர் அங்கெல்லாம் தேடிப் பார்க்கிறார். புல்வெளிப் பக்கம் போனாயா என்றும் கேட்கிறார்.