ஒரே மருந்து, இரண்டு பெயர்

எங்கள் எழுத்தறிவு வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் பெங்களூரில் வீட்டு வேலை செய்கிறார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கடையில் ஒரு மாத்திரை வாங்கினார். வீட்டில் வேறு பெயரில் இன்னொரு மாத்திரை இருந்தது.

"ரெண்டையும் சேர்த்துப் போட்டா காய்ச்சல் சீக்கிரம் விடுமா தம்பி?" என்று கேட்டார்.

அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் டோலோ என்று இருந்தது. மற்றதில் கால்பால் என்று இருந்தது. இரண்டிலும் பாராசிட்டமால் என்ற பெயரும் இருந்தது.

"வேண்டாம் அக்கா. ரெண்டும் ஒரே மருந்துதான்" என்றேன்.

ஒரே மருந்துக்கு ஏன் இரண்டு பெயர்?

டோலோ என்பது வணிகப் பெயர். விற்பதற்காகக் கம்பெனி வைப்பது. டோலோவைத் தயாரிப்பது பெங்களூரில் உள்ள மைக்ரோ லேப்ஸ் கம்பெனி. டோலோ 650 என்றால், ஒரு மாத்திரையில் 650 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று பொருள்.

பாராசிட்டமால் என்பது பொதுப் பெயர். கம்பெனி மாறினாலும் இந்தப் பெயர் மாறாது. பொதுப் பெயர்களின் முதல் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1953-இல் வெளியிட்டது.

பாராசிட்டமால் என்ற பெயர் எப்படி வந்தது? அதன் வேதியியல் பெயர் பாரா அசிட்டைல் அமினோ ஃபீனால். இவ்வளவு நீளமான பெயரை யார் சொல்வது? அங்கங்கே சில எழுத்துகளை எடுத்துச் சேர்த்தார்கள். பாராசிட்டமால் ஆயிற்று.

சில பெயர்கள் மருந்தின் குடும்பத்தைச் சொல்லும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்பவர் பென்சிலியம் என்ற பூஞ்சையில் ஒரு மருந்தைக் கண்டறிந்தார். அதற்குப் பென்சிலின் என்று பெயர் வைத்தார். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவையும் அதே குடும்பம்தான். பெயர் 'சிலின்' என்று முடிவதைப் பாருங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

பெயர் தெரியாமல் மருந்து சாப்பிட்டால் ஆபத்து உண்டு. பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் கல்லீரல் கெடும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

பொதுப் பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018-இல் வந்தது. ஆனால் அட்டையில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான் இருக்கும். படிக்க வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். மருந்துக் கடையில் இப்படிக் கேளுங்கள்:

"இதோட பொதுப் பெயர் என்ன? ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?"

பழைய அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டிலும் ஒரே மருந்து இருந்தால் ஒன்று போதும்.