நடவுப் பாட்டும் இருகுரல் மேடையும்

நாட்டுப் பாடலை ஏட்டிற் கற்பதும் மேடையிற் கேட்பதும் வேறு வேறு என்பதை யாவரும் அறிவர். ஆயினும், ஏடு விடுத்ததை மேடை காட்டுவதும், மேடை மறைத்ததைக் கேட்போர் ஒருவர் காட்டுவதும் உண்டு. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் புஷ்பவனம் குப்புசாமி, அனிதா குப்புசாமி இணையரின் பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டபொழுது இவ்விரண்டும் எமக்கு ஒருங்கே புலப்பட்டன. அவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

குப்புசாமி வேதாரணியத்தை அடுத்த புஷ்பவனம் என்னும் கடற்கரைச் சிற்றூரினர். இணையர் இருவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். பல்லாண்டுகளாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் நாட்டுப் பாடலைப் பரப்பி வருபவர். அன்று தவிலோடு கீபோர்டும் முழங்கியது. அதனைக் குறையென்று கூறுவார் உளர். எமக்கு அதில் வழக்கில்லை.

காவிரி நாட்டு வயற்பாட்டின் பழமையை அறியச் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையே சாலும். கடைசியரின் விருந்திற் பாணியும், ஏரொடு நின்றாரின் ஏர்மங்கலமும், களத்து முகவைப்பாட்டும் அங்கே பேசப்படுகின்றன. பாடுவோர் அனைவரும் தொழில் செய்வோரே. கோவலனும் கண்ணகியும் வழிச்செல்வோராக அவ்வொலியைக் கேட்டனரேயன்றி, அவர்பொருட்டு எவரும் பாடிற்றிலர்.

நடவுப் பாட்டின் அமைப்பும் இதற்கேற்பவே உள்ளது. ஒருத்தி அடியை எடுப்பாள். வரிசையில் நிற்கும் ஏனையோர் பின்பாட்டால் விடையிறுப்பர். அவர்கள் பாடும் அந்நேரத்தில் முன்னவள் அடுத்த அடியை நினைவு கூர்வாள், அல்லது புதிதாகக் கட்டுவாள். தன்னானே என்றும் ஏலேலோ என்றும் வரும் பொருளற்ற சொற்கள் இவ்வாறு பாட்டைத் தாங்கும் தூண்களாகின்றன. மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’ 1943 இலும், கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958 இலும் வெளிவந்தமையால் நாம் பெற்ற பயன் பெரிது. எனினும், பொதுவாகப் பாடல் அச்சேறும்போது பின்பாட்டை முதலில் ஒருமுறை குறித்துவிட்டுப் பின்னர் விடுத்தல் இயல்பாகிவிட்டது. படிப்போர் எஞ்சிய அடிகளையே பாட்டென மயங்குவர்.

மேடை இம்மயக்கத்தைத் தீர்த்தது. ஆண்குரல் எடுக்க, பெண்குரல் விடையிறுத்தது. வரிசையாய் நின்றோரின் இடத்தில் ஒரே குரல் நின்றமையால், பாட்டு உரையாடலாயிற்று. கேலியும் நகையும் புகுந்தன. இது வயலில் இல்லாத சுவை. ஆனால் மூன்றாம் முறை பின்பாட்டு வந்தபொழுது, தரையில் அமர்ந்திருந்த பெண்டிர் எவரும் பணிக்காமலே அதனைத் தாம் எடுத்துக்கொண்டனர். கேட்போராய் வந்தவர் பாடுவோராயினர். இரு குரல்களும் ஒரு கூட்டத்தை எழுப்பும் கருவியாயின என்பதே எம் துணிபு.

எமக்கருகே இருந்த மூதாட்டியார் ஒருவரின் கை முழங்காலில் தாளமிட்டுக்கொண்டிருந்தது. அத்தட்டு தவிலின் தட்டுக்குச் சற்றே பிந்தி விழுந்தது. தாளம் தவறுகின்றார் என்றே முதலில் எண்ணினோம். அடிதோறும் அப்பிந்தல் ஒரே அளவாய் நின்றமை கண்டு வினவினோம். “முடியப் பிரிச்சு நாத்த எடுக்க நேரம் வேணாமா, தம்பி?” என்றார். மேடைத் தாளத்தில் அவ்விடைவெளி இல்லை. ஆகலின், அரைநாள் நீளும் பாட்டைச் சில நிமிடங்களில் அடக்கும் மேடை வடிவத்தைச் சான்றாகக் கொண்டு நடவுப் பாட்டின் யாப்பை அளத்தல் பொருந்தாது. களத்தில் தொகுத்தவரே மேடையிலும் பாடிய மதுரை விஜயலட்சுமி, நவநீதகிருஷ்ணன் இணையரின் பணி இவ்வகையிற் சிறப்புடையது. விஜயலட்சுமி 2018 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இன்று இவ்வயல்களில் நடவு எந்திரமும் நேரடி விதைப்பும் பரவியுள்ளன. வரிசையில் நின்று பாடியோர் முதியராயினர். அவர்தம் பாட்டைப் பதிவு செய்யப் புகும் மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு நாற்று முடியையும் கொண்டு செல்லுதல் நன்று. நிகழ்ச்சி முடிந்தபின் அம்மூதாட்டியாரை ஒரு பாட்டுப் பாடுமாறு வேண்டினோம். இரண்டடி பாடி நிறுத்திவிட்டார். “உக்காந்து பாட வராது தம்பி, குனிஞ்சாத்தான் வரும்” என்றார்.