முதலில் எப்பக்கம் பார்ப்பீர்கள்?

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் நம்மவர் ஆரியசாலைக் கடைவீதியில் சாலையைக் கடக்கையில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. இந்தியாவில் வாகனங்கள் இடப்புறம் செல்கின்றன. அமீரகத்திலும் சவூதியிலும் வலப்புறம். ஆகவே அங்கே முதலில் இடப்பக்கம் பார்த்துப் பழகிய கண், இங்கே வலப்பக்கத்திலிருந்து வரும் பேருந்தைக் காணத் தவறிவிடும். ரவுண்டானாவிலும் இங்கே கடிகாரச் சுற்று, அங்கே எதிர்ச்சுற்று.

1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடு இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாறியது. அதற்கென மக்களை முன்னரே பயிற்றுவித்தார்கள். நாமோ சுமார் நான்கு மணி நேர விமானப் பயணத்தில் யாதொரு பயிற்சியுமின்றி மாறுகிறோம்.

எனவே வந்திறங்கிய முதல் சில நாட்கள் வண்டியோட்டுவதைத் தவிர்ப்பது நலம். சாலையைக் கடக்குமுன் இருபுறமும் நின்று பாருங்கள். வீட்டில் காத்திருப்போர் உண்டல்லவா?