வழுதுணையின் சுற்றம்

திருத்தணி மலையடிவாரத்துக் காய்கறிக் கடைகளில் கத்தரிக்காய்க்கு இரண்டு பெயர்கள் உண்டு. தமிழ் பேசுவோர் அதனைக் கத்தரிக்காய் என்பர். தெலுங்கு பேசுவோர் வங்காய என்பர். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்குச் சென்ற இவ்வூர், ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறியபின்னும் கடைத்தெருவின் இருமொழி வழக்கு மாறவில்லை.

இவ்விரு பெயர்களுள் பழந்தமிழுக்கு நெருக்கமானது எது? கத்தரிக்காய் என்றே பலரும் விடை கூறுவர். ஆயின், முன்பு இக்காய்க்குத் தமிழில் வழங்கிய பெயர் வழுதுணை என்பதாகும். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், புல்வேளூர்ப் பூதன் அவருக்கு இட்ட உணவில் வழுதுணங்காயும் இடம்பெறுகிறது. பனை, காய் என்னும் சொற்கள் புணர்ந்து பனங்காய் ஆவதுபோல, வழுதுணையும் ஈற்று ஐகாரம் கெட்டு, அம்முச்சாரியை பெற்று வழுதுணங்காய் ஆயிற்று.

இச்சொல்லின் சுற்றம் பெரிது. மலையாளத்தில் வழுதன என்பதும் கன்னடத்தில் பதனெ என்பதும் இதன் இனச்சொற்கள். வழுதுணையும் பதனெயும் செவிக்கு வேறாக ஒலிப்பினும், தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் எடுப்பொலிப் பகரம் பெறுவது இயல்பு. தமிழின் ‘வா’ அங்குப் ‘பா’ ஆகிறது. வாழை ‘பாளெ’ ஆகிறது. தெலுங்கின் வங்காயவையும் மொழியியலார் இக்குடும்பத்தோடு சேர்த்து எண்ணுவர். அங்ஙனமாயின், திருத்தணிக் கடையில் வேற்றுமொழிச் சொல்லாய்த் தோன்றும் வங்காயவே வழுதுணைக்கு உறவினர், கத்தரி அன்று.

சொல்லின் உறவைச் செவியின்பம் கொண்டு துணிதல் ஆகாது. துணி வெட்டும் கத்தரிக்கும் காய்க்கும் ஒரே பெயர் இருப்பதுகொண்டு ஒன்றிலிருந்து மற்றது வந்தது எனக் கொள்வது எளிது. அதற்குச் சான்று வேண்டும்.

வடமொழியின் ‘வாதிங்கண’ என்னும் சொல் திராவிட மொழியிலிருந்து சென்றது என அறிஞர் பலர் கருதுவர். அதனை வாதத்தோடு இணைத்துப் பொருள் கூறுவோரும் உளர். அச்சொல் பாரசீகத்தில் ‘பாதிங்கான்’ எனவும், அரபியில் ‘பாதிஞ்சான்’ எனவும் திரிந்தது. அரபியர்வழி ஐபீரிய நாடுகளை அடைந்து, போர்ச்சுகீசியத்தில் ‘பெரிஞ்ஜெலா’ ஆயிற்று. போர்ச்சுகீசியர்வழி இந்தியாவுக்கே திரும்பிப் ‘பிரிஞ்சால்’ ஆயிற்று. இங்கிலாந்தில் வழங்கும் ‘ஓபர்ஷீன்’ என்பதும் அதே அரபுச் சொல்லின் மற்றொரு கிளையே. பிரிஞ்சாலை ஆங்கிலம் தந்த சொல் என எண்ணி உணவகப் பட்டியலில் படிப்போர், அதன் வேர் தென்னிந்தியாவில் இருக்கக்கூடும் என எண்ணுவதில்லை.

சென்ற இடமெல்லாம் இச்சொல்லுக்கு மக்கள் தத்தம் மொழியில் புதுப்பொருள் படைத்தனர். இத்தாலியில் ‘மெலன்சானா’ என ஒலித்த பெயரைப் ‘பித்துப் பழம்’ எனப் பிரித்துப் பொருள்கொண்டனர். மேற்கிந்தியத் தீவுகளிலோ பிரிஞ்சால் ‘பிரவுன் ஜாலி’ ஆயிற்று. பழுப்பு நிறமும் மகிழ்ச்சியும் கத்தரிக்காயில் எங்கிருந்து வந்தன என்பதை அத்தீவினரே அறிவர்!

தமிழிலும் வழுதுணை முற்றிலும் மறைந்துவிடவில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் எல்லைகளாக வேங்கடத்தையும் குமரியையும் குறிக்கிறது. வேங்கடத்தை அடுத்த திருத்தணியில் இச்சொல்லின் தெலுங்குச் சுற்றம் வழங்குகிறது. தென்கோடியில் நாஞ்சில் நாட்டுச் சமையலறைகளில் ‘வழுதலங்காய்’ என்னும் பெயர் இன்றும் கேட்கிறது. இடைப்பட்ட நிலப்பரப்பில்தான் கத்தரிக்காய் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.