ரயில்வே கேட்டும் நமது பொறுப்பும்



2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள். வேன் ஓட்டுநர் உள்ளிட்டோர் காயமடைந்தார்கள். அது ஆளில்லாத கேட் அல்ல. கேட் கீப்பர் பணியில் இருந்த கேட். அப்படியிருந்தும் ரயில் வந்த நேரத்தில் வேன் தண்டவாளத்தின் மீது இருந்தது.

கடலூரில் நடந்ததைத் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும்? நமது ஊர் நான்கு திசையிலும் ரயில் பாதை பிரியும் ஜங்ஷன். திருச்சி பக்கம் தாமரைப்பாடி, வடமதுரை. மதுரை பக்கம் அம்பாத்துரை, கொடைரோடு. கரூர் பக்கம் எரியோடு. பழனி பக்கம் ஒட்டன்சத்திரம். நமது பிள்ளைகள் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் செல்லும்போதும், நாம் சந்தைக்கும் வேலைக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் செல்லும்போதும் இந்தப் பாதைகளில் ஏதாவது ஒன்றைக் கடக்கிறோம். ஆகவே கேட் எப்படி வேலை செய்கிறது, அதில் நமது பங்கு என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது அவசியம்.

செம்மங்குப்பத்தில் தவறியது எது?

ரயில்வே கேட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிக்னலோடு இணைக்கப்பட்ட 'இன்டர்லாக்கிங்' கேட். இதில் கேட்டை முழுமையாக மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். சிக்னல் கொடுத்த பிறகு கேட் கீப்பர் நினைத்தாலும் சும்மா திறந்துவிட முடியாது.

மற்றொன்று, இந்த இணைப்பு இல்லாத கேட். இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் ரயில் வரும் தகவலைச் சொல்கிறார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, 'மூடிவிட்டேன்' என்பதற்கு அடையாளமாக ஒரு ரகசிய எண்ணைச் சொல்கிறார். 'பிரைவேட் நம்பர்' என்பது அதுதான். அந்த எண்ணை நம்பித்தான் ரயில் அனுப்பப்படுகிறது.

செம்மங்குப்பம் கேட் இந்த இரண்டாவது வகை. கேட்டை மூடாமலேயே எண் சொல்லப்பட்டது என்று ரயில்வேயின் முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது. கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார். வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் வழிவிடப்பட்டது என்று ரயில்வே தரப்பில் முதலில் சொல்லப்பட்டது; கேட் திறந்தே கிடந்தது என்று ஊர் மக்கள் கூறினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் ஓர் எண், ரயிலில் வரும் நூற்றுக்கணக்கானோருக்கும் சாலையில் செல்வோருக்கும் உரிய அமானிதம். அதில் ஒருமுறை மோசம் நடந்தால் திருத்திக்கொள்ள இடமில்லை.

விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சகம் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஒரு கேட்டை ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வாகனங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் அளவு 10,000-ஐ எட்டினால் இன்டர்லாக்கிங் செய்வது என்றிருந்த வரம்பு, 5,000 ஆகக் குறைக்கப்பட்டது. கேட்டுகளில் சிசிடிவி கேமரா பொருத்தவும், தொலைபேசி உரையாடல் பதிவுகளைச் சோதிக்கவும் சொல்லப்பட்டது.

ஆள் இருந்தால் மட்டும் போதுமா?

2014 ஜூலை 24 அன்று தெலங்கானாவின் மாசாய்பேட்டில் ஆளில்லாத கேட்டில் பள்ளிப் பேருந்து மீது ரயில் மோதி, 15-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் இதே போன்ற விபத்தில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வேன் ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்று அப்போது அதிகாரிகள் கூறினார்கள்.

அதன் பிறகு வேலை துரிதமானது. 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட் ஒன்றுகூட இல்லாமல் ஒழிக்கப்பட்டது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கேட்டில் ஆளை நிறுத்தினால் மட்டும் உயிருக்கு உத்தரவாதம் வந்துவிடாது என்பதைச் செம்மங்குப்பம் காட்டிவிட்டது. கேட் கீப்பர், ஸ்டேஷன் மாஸ்டர், வாகன ஓட்டி, பள்ளி நிர்வாகம், பெற்றோர் என எல்லோரும் அவரவர் கடமையைச் செய்ய வேண்டும். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒருவர் விட்டாலும் போதும், விபத்து நடந்துவிடும்.

ரயில் நமக்காக நிற்க முடியாது

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் நம்மைப் பார்த்து அவசர பிரேக் போட்டாலும், முழுமையாக நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் தேவைப்படலாம். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் ஓரம் மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். அங்கிருந்துதான் ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்குவார். அந்த வேகத்தில் வரும் ரயில், ஹாரன் கேட்ட 22 நொடிக்குள் கேட்டுக்கு வந்துவிடும்.

நமது கண்ணும் நம்மை ஏமாற்றும். பெரிய பொருள் நேராக நம்மை நோக்கி வரும்போது மெதுவாக வருவது போலத் தெரியும். 'ரயில் தூரத்தில்தானே வருகிறது, போய்விடலாம்' என்ற கணக்கு இதனால்தான் தவறிப்போகிறது.

நமது பகுதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சென்னை - மதுரை பாதை இரட்டைப் பாதை. ஒரு ரயில் போன பிறகும் கேட் திறக்காவிட்டால், எதிர்த்திசையில் இன்னொரு ரயில் வருகிறது என்று பொருள். முதல் ரயிலின் கடைசிப் பெட்டி கடந்ததும் குனிந்து ஓடுபவருக்கு, அந்தப் பெட்டிக்குப் பின்னால் வரும் இரண்டாவது ரயில் தெரியாது. முதல் ரயிலின் சத்தத்தில் அதன் ஹாரனும் கேட்காது.

கேட் கீப்பரை நெருக்காதீர்கள்

'ஒரே ஒரு வண்டி, திறந்து விடுங்க பாய்' என்று கெஞ்சுவதும், திறக்காவிட்டால் திட்டுவதும் பல கேட்டுகளில் நடக்கிறது. இன்டர்லாக்கிங் கேட்டாக இருந்தால் அவரால் திறக்கவும் முடியாது. அந்த இணைப்பு இல்லாத கேட்டாக இருந்தால் நமது நெருக்கடிக்கு அவர் இணங்கிவிடக்கூடும். அதுதான் இன்னும் ஆபத்து.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160-வது பிரிவின்படி, மூடிய கேட்டை அதிகாரமில்லாதவர் திறந்தால் 3 ஆண்டு வரையும், உடைத்தால் 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைந்தால் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நிற்க வேண்டியவர்கள் அல்ல நாம். உயிரைப் பேணுவதும், பாதையில் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்ப்பதும் மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்த கடமைகள்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

காலையில் பிள்ளையை வேனிலோ ஆட்டோவிலோ ஏற்றிவிடும் அத்தாவும் அம்மாவும் ஒருநாள் ஓட்டுநரிடம் அமர்ந்து பேசுங்கள்.

1. போகும் வழியில் ரயில்வே கேட் உண்டா? மேம்பாலம் அல்லது சுரங்கப்பாதை வழியாக மாற்றுப் பாதை உண்டா? பத்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நாம் 'லேட் ஆகிறது' என்று விரட்டுவதால்தான் ஓட்டுநர் கேட்டில் அவசரப்படுகிறார்.

2. வேனில் உதவியாளர் இருக்கிறாரா? கேட் திறந்திருந்தாலும் வேனை நிறுத்தி, உதவியாளர் இறங்கி இருபுறமும் பார்த்துச் சைகை காட்டிய பிறகே கடக்க வேண்டும். காவலில்லாத கேட்டில் இப்படிச் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. காவலுள்ள கேட்டிலும் இதைப் பழக்கமாக்கினால் இன்னொருவர் செய்யும் தவறிலிருந்து நமது பிள்ளை தப்பும்.

3. கேட் அருகே பாட்டு, செல்போன், இயர்போன் எல்லாம் நிறுத்தப்படுகின்றனவா? ஜன்னல் கண்ணாடி இறக்கப்படுகிறதா? ஹாரன் காதில் விழ வேண்டும்.

4. முன்னால் நிற்கும் வாகனம் தண்டவாளத்தைத் தாண்டி, நமது வேனுக்கும் இடம் விட்ட பிறகுதான் ஏற வேண்டும். நெரிசலில் தண்டவாளத்தின் மீது மாட்டிக்கொள்ளக் கூடாது.

நடந்தோ சைக்கிளிலோ செல்லும் பிள்ளைகளுக்கு, மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போகக் கூடாது என்று வீட்டில் சொல்லுங்கள். நாம் பைக்கைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போனால், அந்த அறிவுரை பிள்ளையிடம் எடுபடாது.

வாகனம் தண்டவாளத்தில் நின்றுவிட்டால்

முதலில் எல்லோரையும் இறக்குங்கள். பை, சாமான் எதையும் எடுக்க நிற்காதீர்கள். பிறகு தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசைப் பக்கமாக ஓரமாகச் செல்லுங்கள். மோதினால் வாகனம் மறுபக்கம்தான் வீசப்படும். உடனே கேட் கீப்பரிடம் சொல்லுங்கள். சிவப்புக் கொடி காட்டவும் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லவும் அவரால் முடியும். ரயில்வே உதவி எண் 139. அவசர உதவிக்கு 112. மேலே செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அறுந்து கிடந்தால் யாரும் நெருங்கக் கூடாது.

நாம் சேர்ந்து செய்ய வேண்டியது

தனிமனிதக் கவனம் மட்டும் போதாது. நமது பகுதி மதுரை ரயில்வே கோட்டத்தில் வருகிறது. பிள்ளைகள் அதிகம் கடக்கும் கேட் இன்டர்லாக்கிங் செய்யப்பட்டதா, கேமரா இருக்கிறதா என்று கோட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை வரும்போது மழைத் தண்ணீர் தேங்கும் என்ற கவலை நியாயமானதே. அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று நின்றுவிடாமல், வடிகாலும் விளக்கும் சேர்த்துச் செய்து தரும்படி கேட்போம்.

உங்கள் பகுதிக் கேட்டில் குறை இருந்தால் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு நமது அறக்கட்டளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவற்றைத் தொகுத்து, ஜமாஅத்துகளின் கையொப்பத்துடன் கோட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கேட்டில் காத்திருக்கும் சில நிமிடங்கள் அந்த அமானிதத்துக்காக நாம் கொடுக்கும் மிகச் சிறிய விலை. வல்ல ரஹ்மான் நம் அனைவரையும், நமது ஊர் மக்கள் எல்லோரையும் விபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.