வலயமும் நகரசபையும்: கட்டுநாயக்காவின் தொழிற்சந்தை பற்றிய ஒரு குறிப்பு

நகர வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முதலீட்டையும் ஏற்றுமதிப் பெறுமதியையுமே அளவுகோலாகக் கொள்கின்றன. தொழிலாளி எங்கே உழைக்கிறார், எங்கே உறங்குகிறார் என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுகின்றது. இவ்விரு இடங்களும் இரு வேறு நிர்வாகங்களின் கீழ்ப் பிரிந்திருப்பதன் சமூகப் பொருளை உணர்ந்துகொள்வதற்குக் கட்டுநாயக்கா தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 1978 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட, கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவாயிற்று. வலயத்தினுள் உள்ளூராட்சிக்குரிய அதிகாரங்களும் அவ்வாணைக்குழுவைச் சார்ந்தன. 1992 இல் அது முதலீட்டுச் சபையாக மாற்றமுற்ற பின்னரும் இவ்வமைப்பின் அடிப்படை மாறவில்லை.

இதே காலப்பகுதியில், இறக்குமதித் துணிகளோடு போட்டியிட இயலாது உள்நாட்டு நெசவுத்தொழில் நலிவுற்றது. நாட்டுக்குத் துணி நெய்த கரங்களுக்கு வேலையற்றுப்போக, அந்நியச் சந்தைக்கு ஆடை தைக்கும் கரங்கள் தேவைப்பட்டன. கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் பெருந்தொகையினராக வந்து சேர்ந்தனர். அவர்கள் தங்கியதோ வலயத்துக்கு வெளியேயுள்ள ‘போடிங்’ அறைகளில். அங்கே குப்பை, வடிகால், தெருவிளக்கு ஆகியவை நகரசபையின் பொறுப்பு. ஆயின், இவர்களுட் பலரின் வாக்குப்பதிவு சொந்தக் கிராமத்திலேயே உள்ளது. எனவே, தாம் வாழும் ஊரின் சபையைத் தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இதனை வெறும் நிர்வாகக் குறைபாடெனக் கொள்வது பொருந்தாது. உழைப்புச் சக்தியை மறு உற்பத்தி செய்யும் செலவின் பெரும்பகுதியை மூலதனம் கிராமத்தின் மீதும் நகரசபையின் மீதும் சுமத்துகின்றது. தொழிலாளியை வளர்த்தளிப்பது கிராமம். வேலை இழந்தால் ஏற்றுக்கொள்வதும் கிராமமே. 2020 இல் கொவிட் பரவலின்போது தொழிற்சாலைகள் மூடப்பட, பலர் ஊர் திரும்ப நேர்ந்தமை இதனைத் தெளிவாகக் காட்டிற்று.

சபையிற் குரலற்றோர்க்கு வீதியே மன்றமாகின்றது. 2011 மே மாதத்தில் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து வலயத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டிற் காயமுற்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னரே சட்டமூலம் கைவிடப்பட்டது. ஓர் உயிரைக் கொடுத்துத்தான் கருத்தொன்றைச் செவிமடுக்கச் செய்யவேண்டுமெனின், அங்கே வளர்ந்திருப்பது எதுவென்பதை நாம் வினவுதல் வேண்டும்.

வசிக்கும் இடத்தில் வாக்குரிமையும், வலயத்தின் வருவாயில் நகரசபைக்கொரு பங்கும் இவ்வகையில் மிகக்குறைந்த கோரிக்கைகளாகும். அவை முரண்பாட்டைத் தீர்க்கமாட்டா. எனினும், அம்முரண்பாட்டைத் தொழிலாளர் தாமே பேசுவதற்குரிய களத்தைத் திறந்துவிடும்.