கரண்ட் போன அந்த நொடியில் உங்கள் மடிக்கணினி என்ன செய்கிறது?

கரண்ட் போனால் மின்விசிறி நிற்கும், டிவி அணையும். மடிக்கணினி மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த நொடியில் அதற்குள் பல முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. திரையின் வெளிச்சம் குறைகிறது. பிராசஸரின் வேகத்துக்குக் கடிவாளம் விழுகிறது. எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தூங்கப் போகலாம் என்ற கணக்கு மாறுகிறது. பின்னணியில் ஓடிய சில வேலைகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகின்றன. இதையெல்லாம் தீர்மானித்தவை இயந்திரத்தோடு வந்த ஆரம்ப அமைப்புகள். மாற்றும் அதிகாரம் முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது. பலருக்கு மாற்றலாம் என்பதே தெரியாது.

விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும், பவர் பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும், எப்போது திரை அணைய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்கள் கேட்கப்பட்டிருக்கும்: பேட்டரியில் ஓடும்போது ஒன்று, சார்ஜர் செருகியிருக்கும்போது ஒன்று. சார்ஜரைப் பிடுங்கியதும் இயந்திரம் முதல் வரிசைக்குத் தாவுகிறது, செருகியதும் இரண்டாவதற்கு. தானியங்கி மின் மேலாண்மை என்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

இதில் வெளியே தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் என்ற கருவி உண்டு. 'தினமும் இரவு 10 மணிக்கு என் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடு' என்று அதில் ஒரு வேலையைப் பதிந்து வைக்கலாம். அப்படி நாமாகப் பதியும் வேலையில், கண்டிஷன்ஸ் என்ற பக்கத்தில் இரண்டு கட்டங்களில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும். மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு என்பது முதலாவது. பேட்டரிக்கு மாறினால் நிறுத்திவிடு என்பது இரண்டாவது. சரியாக 10 மணிக்குப் பவர்கட் வந்தால் அன்றைய நகல் எடுக்கப்படாது. பாதியில் வந்தால் நகல் பாதியோடு நிற்கும். 'உங்கள் நகல் எடுக்கப்படவில்லை' என்று திரையில் பெரிய எச்சரிக்கை எதுவும் வராது. கடைக் கணக்கையோ ஆய்வேட்டையோ இப்படி நம்பி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் அந்த இரண்டு டிக்குகளையும் எடுத்துவிடுவது நல்லது. நகலெடுக்கும் சில நிமிடங்களுக்காகப் பேட்டரி தாராளமாகக் கொஞ்சம் செலவாகட்டும்.

ஒரு படி மேலே போய், மின்சாரம் மாறும்போது நடக்க வேண்டியதை நாமே எழுதி வைக்கவும் வழி இருக்கிறது. மின்வழி மாறும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தன் சிஸ்டம் பதிவேட்டில், கெர்னல்-பவர் என்ற பெயரின் கீழ், 105 என்ற எண்ணில் ஒரு குறிப்பு எழுதுகிறது. டாஸ்க் ஷெட்யூலரில் அந்த எண்ணையே தூண்டுகோலாக வைத்து ஒரு சிறு நிரலை ஓடவிடலாம்: கிளவுட் ஒத்திசைவை நிறுத்துவது, கனமான பணிகளைத் தள்ளிப்போடுவது என்று. பிடுங்கினாலும் செருகினாலும் அதே 105 தான் பதிவாகும். ஆகவே இப்போது எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன இரண்டு டிக்குகள் இங்கும் காலை வாரும். 'பேட்டரிக்கு மாறியதும் ஓடு' என்று வைத்த வேலையை, பேட்டரிக்கு மாறிவிட்ட காரணத்தாலேயே விண்டோஸ் ஓடவிடாது!

லினக்ஸில் இது இன்னும் வெளிப்படை. சார்ஜர் செருகியிருக்கிறதா என்பதைக் கெர்னல் ஒரு சிறு கோப்பில் 1 அல்லது 0 என்று காட்டுகிறது. மாற்றம் நேரும்போது, சாதன மாற்றங்களைக் கவனிக்கும் யுடெவ் என்ற கருவியின் விதிகள் மூலம் எதையும் இயக்கலாம். நிரல் எழுத விரும்பாதவர்களுக்கு டிஎல்பி என்ற இலவச மின் மேலாண்மை மென்பொருளே போதும். இதே வேலையைச் செய்யும் பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற சேவை ஏற்கெனவே ஓடுகிற கணினியில் இரண்டும் மோதிக்கொள்ளும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை நிரல்கள் பெரும்பாலும் நிர்வாகி உரிமையோடு ஓடுகின்றன. எங்கிருந்தோ நகலெடுத்த நிரலைப் படித்துப் பார்க்காமல் ஒட்டினால், சார்ஜரைச் செருகும் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாதவரின் கட்டளைக்குக் கணினியை ஒப்படைக்கிறீர்கள். நீங்களே எழுதியதாக இருந்தாலும், நிர்வாகி மட்டும் திருத்தக்கூடிய இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். 'பேட்டரி பூஸ்டர்' என்று விளம்பரப்படுத்தப்படும் இலவச மென்பொருள்கள் தேவையே இல்லை என்பது என் கருத்து. அவை செய்வதாகச் சொல்லும் வேலைகள் இயங்குதளத்திலேயே இருக்கின்றன.

இனி சூடு. இப்போதைய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற தூக்கமுறை இருக்கிறது. மூடியை மூடினாலும் இயந்திரம் முழுதாக உறங்குவதில்லை. மெயில், அப்டேட் என்று அவ்வப்போது விழித்துக்கொள்ளும். மேசையில் இருக்கும்போது இதனால் கெடுதி இல்லை. பைக்குள், காற்றோட்டமில்லாமல், விழித்த இயந்திரம் கொதிக்கும். இறங்கும் ஊரில் பேட்டரியும் காலியாகியிருக்கும். பேட்டரியில் இருக்கையில் மூடியை மூடினால் ஹைபர்நேட் (வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) என்று வைத்துவிடுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லையென்றால், பவர் பட்டன் அமைப்புகள் பக்கத்தில் அதைத் தெரியவைக்கும் கட்டம் இருக்கும்.

எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் மடிக்கணினிக்குச் சிக்கல் வேறு. லித்தியம் அயான் பேட்டரிக்கு முழுக்க நிரம்பிய நிலையும் வெப்பமும் சேர்ந்து ஆகாது. நம்மூர்க் கோடையைச் சொல்லவே வேண்டாம். 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி லெனோவோ, ஆசஸ், டெல் போன்றவற்றின் பல மாடல்களில் ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். பயணமோ நாள் முழுக்க மின்தடையோ வருமென்று தெரிந்தால் முந்தைய இரவு மட்டும் 100-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரி உப்பக்கூடும். டச்பேட் மேலே தூக்குவது, மூடி சரியாக மூடாதது, அடிப்பாகம் மேசையில் ஆடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, தீப்பற்றும் பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். அழுத்திப் பார்க்கக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

வாரண்டிக் காலத்தில் இப்படி ஆனால், "நீங்க எப்பவும் சார்ஜ்லயே போட்டு வெச்சிருந்தீங்க, அதான்" என்ற பதில் சர்வீஸ் சென்டரில் கிடைக்கலாம். அப்படிச் செய்யக் கூடாதென்று கையேட்டில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாங்கும் பொருளின் தரம் பற்றிய விவரம் அறிவதும், உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பொருளிலிருந்து காக்கப்படுவதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகள். குறைபாடுள்ள பொருளால் காயமோ சேதமோ நேர்ந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கவும் அதில் இடமிருக்கிறது. பேட்டரிக்கு மட்டும் வாரண்டி குறைவாக இருக்கக்கூடும். வாங்கும்போதே அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

புகாருக்கு முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ஆதாரத்துக்கு விண்டோஸே உதவும். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். பேட்டரி வடிவமைக்கப்பட்ட கொள்ளளவும் இப்போது ஏறும் கொள்ளளவும் அதில் எண்களாக நிற்கும். 50,000 இருக்க வேண்டிய இடத்தில் 30,000 என்றால் பேட்டரியின் திறன் 60 சதவீதமாகிவிட்டது.

மாற்றுப் பேட்டரியோ சார்ஜரோ வாங்கினால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அது உண்மையா என்று சரிபார்க்கலாம். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, மற்றக் குப்பையிலிருந்து பிரித்துக் கொடுக்கும் கடமை நம்முடையது.

பில்லையும் பேட்டரி அறிக்கையையும் அந்த மடிக்கணினிக்குள்ளேயே வைத்துவிட்டு அதை சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் ஒரு நகலை உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள்.